மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கணக்கு

"மாசம் எவ்வளவு ஆகும்?"

அமெரிக்காவில் கார் டீலரின் மேசைக்கு முன்னால் லீஸ் எடுக்க உட்காருகிறவர் கேட்கும் முதல் கேள்வி நாற்பது ஆண்டுகளாக இதுதான். அன்று இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் எண் பதிலாக வந்தது. அந்த எண் எப்படி வந்தது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு மட்டுமே தெரியும். இன்று கணக்கின் பெரும்பகுதி சட்டப்படி நம் கைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். வேலைக்காக அங்கே குடியேறும் தமிழ்க் குடும்பங்களிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது. போவது ஐம்பது, நூறு டாலர் இல்லை, மூவாயிரம் நாலாயிரம் டாலர்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். லீஸ் என்பது ஒரு காரைக் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் 36 மாதங்களுக்கு, எடுத்து ஓட்டுவது. காரின் முழு விலையை நாம் கொடுப்பதில்லை. அந்த மூன்று ஆண்டில் காரின் மதிப்பு எவ்வளவு குறையும் என்று கணக்கிடுகிறார்களோ அந்தக் குறைவையும், நிதி நிறுவனம் காரில் முடக்கி வைத்திருக்கும் பணத்துக்கு வட்டியையும், வரியையும் கட்டணங்களையும் கொடுக்கிறோம். முடிவில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். பிடித்திருந்தால், ஒப்பந்தத்தில் முன்பே எழுதிவைத்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

கணக்கு தெரியாத காலம்

கார் லீஸ் முதலில் கம்பெனிகளுக்கான ஏற்பாடாகத்தான் பிறந்தது. சிகாகோவில் செவ்ரோலே கார் விற்றுக்கொண்டிருந்த ஸோலி ஃபிராங்க், 1939-இல் நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கார்களை நீண்ட காலக் குத்தகைக்கு விடத் தொடங்கினார். தனிக் குடும்பங்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. வந்த புதிதில், 1970-களில், பல ஒப்பந்தங்கள் 'ஓப்பன் எண்ட்' வகையைச் சேர்ந்தவை. காலம் முடிந்து காரை விற்கும்போது மதிப்பிட்ட விலை கிடைக்காவிட்டால், குறையும் தொகையை ஓட்டியவர் கட்ட வேண்டும். மாதத் தவணை குறைவு என்று நம்பி எடுத்தவர்கள் கடைசி நாளில் பெரிய பில் ஒன்றைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

அதைக் கட்டுப்படுத்தத்தான் 1976-இல் நுகர்வோர் குத்தகைச் சட்டம் வந்தது. கடைசியில் கேட்கும் தொகை மூன்று மாதத் தவணையைத் தாண்டினால், தொடக்கத்தில் போட்ட மதிப்பீடே நியாயமற்றது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அதன்பின் மதிப்புக் குறைவின் ஆபத்தை நிறுவனமே ஏற்கும் 'குளோஸ்டு எண்ட்' ஒப்பந்தங்கள் பரவின. இன்று எஸ்யூவி லீஸ் என்றாலே ஏறக்குறைய எல்லாம் இந்த வகைதான்.

அடுத்த உந்துதல் வரிச் சட்டத்திலிருந்து வந்தது. அதுவரை அமெரிக்கர்கள் கார் கடனுக்குக் கட்டிய வட்டியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். 1986-இன் வரிச் சீர்திருத்தம் அந்தச் சலுகையைப் படிப்படியாகக் குறைத்து 1991-இல் முழுமையாக நீக்கியது. கடனுக்கு இருந்த ஓர் ஈர்ப்பு போனதும் குறைந்த மாதத் தவணை என்ற லீஸின் குரல் உரக்கக் கேட்டது. அதே நேரத்தில்தான் எஸ்யூவி அலையும் எழுந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 1990-இலும், ஜீப் கிராண்ட் செரோக்கி 1992-இலும் சந்தைக்கு வந்தன. பண்ணைக்கும் மலைப்பாதைக்கும் போய்க்கொண்டிருந்த வண்டி, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் புறநகர்க் குடும்பத்தின் வண்டியானது. சாதாரணக் காரைவிட விலை அதிகம். எட்டாத விலையை எட்டும் தவணையாகக் காட்ட லீஸ் கைகொடுத்தது.

அன்றைய டீலர்ஷிப்பில் ஒரு சனிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். விற்பனையாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் ஒரு கூட்டல் குறி போடுவார். நான்கு கட்டங்கள் வரும். ஒன்றில் காரின் விலை, ஒன்றில் நம் பழைய காருக்கு அவர் தரும் விலை, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை. 'ஃபோர் ஸ்கொயர்' என்று அந்தத் தொழிலில் இதற்குப் பெயர். தவணை அதிகம் என்று நாம் சொன்னால் அவர் அந்தக் கட்டத்தில் ஐம்பது டாலரை அடித்துவிட்டு, முன்பணக் கட்டத்தில் இரண்டாயிரத்தை ஏற்றுவார். பழைய காருக்கு விலை போதாது என்றால் அதைக் கூட்டிவிட்டு, புதுக் காரின் விலையைச் சத்தமில்லாமல் உயர்த்துவார். இடையிடையே "மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து போவார். நம் கண் ஒரு கட்டத்தில் இருக்கும்போது லாபம் இன்னொரு கட்டத்தில் சேரும்.

லீஸில் இது இன்னும் எளிது. அன்றைய விதிப்படி குளோஸ்டு எண்ட் லீஸில் காரின் விலை என்னவென்று எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. லீஸுக்கு விலை பேச முடியாது என்று நம்பியவர்கள் பலர். ஜன்னலில் ஒட்டியிருந்த பட்டியல் விலைக்கும் மேலே வைத்துக் கணக்குப் போட்டாலும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. வட்டியோ சதவீதமாக இல்லாமல் 'மணி ஃபேக்டர்' என்ற குட்டித் தசம எண்ணாக இருக்கும். 0.0035 என்று இருக்கும் எண்ணைக் காட்டி "மூன்றரை சதவீதம்தான் சார்" என்று சொன்ன விற்பனையாளர்கள் உண்டு. உண்மையில் அது 8.4 சதவீத வட்டி. மூன்று ஆண்டு கழித்து எந்தக் கார் எவ்வளவு பெறும் என்பதை மதிப்பிடும் பட்டியல்கள் அச்சுப் புத்தகமாக வந்து தொழிலில் இருப்பவர்களின் மேசை இழுப்பறையில் கிடந்தன.

வெளிச்சம் வந்த ஆண்டு

1990-களின் நடுவில் புகார்கள் குவிந்தன. 'முன்பணம் எதுவும் இல்லை, மாதம் இவ்வளவுதான்' என்று தொலைக்காட்சியில் பெரிதாகக் காட்டிவிட்டு, கையெழுத்திடும் நாளில் கட்ட வேண்டிய தொகைகளைக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் ஓடவிட்டதாக ஐந்து பெரிய கார் நிறுவனங்கள் மீது கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1996-இல் குற்றம் சாட்டியது. அவை விளம்பர முறையை மாற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டன.

அதே ஆண்டில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், லீஸ் ஒப்பந்தங்களுக்கான 'ரெகுலேஷன் எம்' விதியைத் திருத்தி எழுதியது. 1998 ஜனவரி முதல் அது கட்டாயமானது. காரின் விலையும் சேர்த்துக்கொண்ட கட்டணங்களும் அடங்கிய மொத்தத் தொகை, அதிலிருந்து கழிக்கும் முன்பணம், மிச்சம் நிற்கும் தொகை, ஒப்பந்த முடிவில் காரின் மதிப்பு, இடையில் குறையும் மதிப்பு, 'ரென்ட் சார்ஜ்' என்ற பெயரில் வட்டி, இவையெல்லாம் சேர்ந்து மாதத் தவணை எப்படி ஆகிறது என்ற கணக்கு. அத்தனையும் படிப்படியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, தனியே பிரித்து அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். மொத்தத் தொகையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரத்தையும் கேட்டால் தந்தே ஆக வேண்டும். பாதியில் முறித்தால் பல ஆயிரம் டாலர் கட்ட நேரலாம் என்ற எச்சரிக்கையும் அந்தத் தாளிலேயே உண்டு.

அன்றுக்கும் இன்றுக்கும் நடுவே கோடு கிழிக்கச் சொன்னால் நான் அந்த 1998 ஜனவரியில்தான் கிழிப்பேன். அதன்பின் இணையம் வந்து விலைகளையும் மணி ஃபேக்டரையும் எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. ஆனால் கணக்கைக் காட்டு என்று முதலில் கட்டளையிட்டது அந்த விதிதான்.

அந்தத் தாளைப் படிப்போம்

ஓர் எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். ஜன்னலில் ஒட்டியிருக்கும் பட்டியல் விலை 40,000 டாலர். 36 மாதம் கழித்து அதன் மதிப்பு பட்டியல் விலையில் 60 சதவீதம், அதாவது 24,000 டாலர் என்று நிதி நிறுவனம் தீர்மானித்திருக்கிறது. இதைத்தான் 'ரெசிடுவல்' என்கிறார்கள். நிதி நிறுவனத்தின் தொடக்கக் கட்டணம் 700 டாலர். மணி ஃபேக்டர் 0.00250.

விலை பேசாமல் எடுத்தால் கணக்கு 40,700-இல் தொடங்கும். அதில் 24,000 போனால் குறையும் மதிப்பு 16,700. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 464 டாலர். வட்டிக்கு ஒரு வினோதமான சூத்திரம் இருக்கிறது. தொடக்கத் தொகையையும் முடிவு மதிப்பையும் கூட்டி மணி ஃபேக்டரால் பெருக்க வேண்டும். 64,700-ஐ 0.00250-ஆல் பெருக்கினால் 162 டாலர். இரண்டும் சேர்ந்து, வரிக்கு முன், மாதம் 626 டாலர்.

அதே காரை 37,500-க்குப் பேசி முடித்தால் தொடக்கம் 38,200. குறையும் மதிப்பு 14,200, மாதத்துக்கு 394. வட்டி மாதம் 155.50. மொத்தம் 550 டாலர். மூன்று ஆண்டில் மிச்சம் சுமார் 2,725 டாலர். விலையில் ஆயிரம் டாலர் குறைந்தால் மாதத்தில் ஏறத்தாழ 30 டாலர் குறையும் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும், எந்த மேசையிலும் தடுமாற வேண்டாம்.

இனி மணி ஃபேக்டர். அதை 2,400-ஆல் பெருக்கினால் வட்டி சதவீதம் கிடைக்கும். 0.00250 என்றால் 6 சதவீதம். நிதி நிறுவனம் 0.00250 என்று கொடுத்ததை டீலர் 0.00290 என்று ஏற்றி நம்மிடம் சொல்ல அனுமதி உண்டு. ஏற்றிய பகுதி அவருக்கு வருமானம். நம் காரில் அது மாதம் 25 டாலர், மூன்று ஆண்டில் ஏறத்தாழ 900 டாலர். தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்காவது இடத்தில் நடக்கும் மாற்றம் யார் கண்ணில் படும்?

இங்கேதான் 1998 விதியின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மணி ஃபேக்டரையோ வட்டி சதவீதத்தையோ அச்சிட வேண்டும் என்று அது கேட்கவில்லை. இன்றும் கேட்பதில்லை. ஆனால் தாளில் இருக்கும் மற்ற எண்களைக் கொண்டு நாமே அதைப் பிடித்துவிடலாம். நம் உதாரணத்தில் மொத்த ரென்ட் சார்ஜ் 5,598 டாலர் என்று அச்சாகியிருக்கும். 36-ஆல் வகுத்தால் 155.50. அதை 38,200-ம் 24,000-ம் சேர்ந்த 62,200-ஆல் வகுத்தால் 0.00250. கையெழுத்துப் போடுவதற்கு முன் கைப்பேசிக் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. டீலர் வாயால் சொன்ன எண்ணும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் பேனாவை மூடி வைக்கலாம்.

எதைப் பேசலாம், எதைப் பேச முடியாது என்பதும் இந்தத் தாளிலிருந்தே புரியும். ரெசிடுவல் நிதி நிறுவனம் வைத்தது, டீலரிடம் அதற்காக மன்றாடிப் பயன் இல்லை. தொடக்கக் கட்டணமும் பெரும்பாலும் அப்படியே. காரின் விலை, டீலர் ஏற்றிய மணி ஃபேக்டர், நம் பழைய காரின் மதிப்பு, டீலர் தானாக ஒட்டிவைத்த சாமான்கள் ஆகிய நான்கும் பேரத்துக்கு உரியவை. அந்தச் சாமான்களில் கவனம் வேண்டும். பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, கண்ணாடியில் எண் பொறிப்பது, டயரில் நைட்ரஜன் என்று 1,500 டாலரைச் சேர்ப்பார்கள். ரெசிடுவலில் இவற்றுக்கு மதிப்பு கிடையாது. அதனால் 1,500-ம் முழுமையாக நம் 36 மாதத்தில் ஏறும். மாதம் 45 டாலர் கட்டிவிட்டு, கடைசியில் அந்தப் பூச்சையும் காரோடு திருப்பிக் கொடுக்கிறோம்.

எஸ்யூவியின் மூன்றாண்டு ஜாதகம்

லீஸின் விலை எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கணிப்பில் நிற்கிறது. அந்தக் கணிப்பு தவறும்போது யார் தலையில் இடி விழுகிறது என்பதை எஸ்யூவியின் வரலாறு இரண்டு முறை காட்டியிருக்கிறது.

முதல் முறை 2008. அந்த ஜூலையில் அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி விலை கேலனுக்கு நான்கு டாலரைத் தாண்டியிருந்தது. பெரிய எஸ்யூவிகளையும் பிக்-அப் டிரக்குகளையும் பழைய கார் சந்தையில் சீந்த ஆளில்லை. லீஸ் முடிந்து திரும்பி வந்த வண்டிகள் எழுதிவைத்த மதிப்புக்கு வெகு கீழே விலைபோயின. ஃபோர்டின் நிதிப் பிரிவு அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மட்டும் லீஸ் வண்டிகளின் மதிப்புச் சரிவுக்காக 2.1 பில்லியன் டாலரைக் கணக்கில் எழுதித் தள்ளியது. கிறைஸ்லரின் நிதிப் பிரிவு ஆகஸ்ட் 1 முதல் லீஸ் தருவதையே நிறுத்தியது. சாவியைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நயா பைசா நஷ்டமில்லை. 1970-களின் ஓப்பன் எண்ட் ஒப்பந்தமாக இருந்திருந்தால் அந்தப் பாரம் குடும்பங்களின் மேல் விழுந்திருக்கும்.

இரண்டாம் முறை தலைகீழ். 2021, 2022-இல் சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார்கள் கிடைக்கவில்லை. பழைய கார்களின் விலை எகிறியது. மூன்று ஆண்டுக்கு முன் 20,000 டாலர் என்று எழுதிவைத்த எஸ்யூவி வெளியில் 25,000-க்கும் மேல் போனது. விவரம் அறிந்தவர்கள் ஒப்பந்த விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள், அல்லது விற்று லாபம் பார்த்தார்கள். விவரம் தெரியாதவர்கள் வழக்கம்போல் சாவியை வைத்துவிட்டு, காரைத் திரும்பப் பெறும் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் போனார்கள். பல நிதி நிறுவனங்கள், லீஸ் காரை வேறு பிராண்டு டீலருக்கு நேராக விற்கும் வழியை அந்தக் காலத்தில் அடைத்தன. அந்தக் கட்டுப்பாடு பல ஒப்பந்தங்களில் இன்றும் இருக்கிறது. புதிய லீஸ்களுக்கோ தள்ளுபடியே இல்லை. கொரோனா கொள்ளைநோய்க்கு முன் புதுக் கார்களில் ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த லீஸின் பங்கு 2022-இல் 20-க்கும் கீழே இறங்கியது.

மூன்றாவது கதை கணிப்பைப் பற்றியதல்ல, வரிச் சலுகையைப் பற்றியது: மின்சார எஸ்யூவி. 2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் மின்சாரக் காருக்கு 7,500 டாலர் வரை வரிச் சலுகை தந்தது. வாங்குகிறவருக்கு வருமான வரம்பு, கார் வட அமெரிக்காவில் தயாராகியிருக்க வேண்டும் என்று பல நிபந்தனைகள். லீஸ் விடும் நிறுவனம் காரை வணிக வாகனமாகக் காட்டினால் அந்த நிபந்தனைகள் இல்லை. கொரியாவிலிருந்து கப்பலில் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற வண்டிகள் லீஸில் மட்டும் மலிவாகக் கிடைத்தது இதனால்தான். நிறுவனம் அந்த 7,500-ஐ நமக்குத் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முழுதும் கழித்தவர்களும் உண்டு, கொஞ்சம் தந்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒப்பந்தத் தாளில் அந்தத் தொகை எங்கே கழிகிறது என்று தேடிப் பார்த்தவருக்குத்தான் முழுப் பலன். 2025 செப்டம்பர் 30-உடன் அந்தச் சலுகையும் முடிந்துவிட்டது.

பேரம் இடம் மாறியது

அன்று பேரம் என்றால் நேரில் போய் அரை நாள் உட்கார வேண்டும். களைப்பே டீலரின் கூட்டாளி. பிள்ளை பசியில் அழும், மனைவி கடிகாரத்தைப் பார்ப்பார், சரி போகட்டும் என்று கையெழுத்து விழும். இன்று பேரத்தின் பெரும்பகுதியை வீட்டுச் சமையலறை மேசையிலிருந்தே நடத்தலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாடலையும் அதன் வகையையும் முதலில் முடிவு செய்ய வேண்டும். சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து டீலர்களுக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். 36 மாதம், ஆண்டுக்கு 12,000 மைல், முன்பணம் இல்லாமல் என்று சொல்லி ஐந்து எண்களைக் கேட்க வேண்டும்: காரின் விற்பனை விலை, ரெசிடுவல், மணி ஃபேக்டர், கட்டணங்களின் பட்டியல், முதல் நாளில் கட்ட வேண்டிய மொத்தம். பதிலில் மாதத் தவணையை மட்டும் எழுதி "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்கிறவரை ஒதுக்கிவிடலாம். ஐந்தையும் எழுத்தில் தருகிறவர்களுக்குள் போட்டியை விடலாம்.

இதில் விற்பனை விலையைக் கேட்பதற்குத்தான் நம் இளைஞர்கள் தயங்குகிறார்கள். டல்லாஸ் பக்கம் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவனோடு நடந்த பேச்சு இது.

"அண்ணா, மாசம் நானூத்தம்பதுக்குள்ள முடிச்சுத் தரேங்கறாங்க. எடுத்துரலாம்ல?"

"காருக்கு என்ன விலை போட்டிருக்காங்க, தம்பி?"

"லீஸ்தானேண்ணா. விலை எதுக்கு?"

"முன்பணம் கேட்டாங்களா?"

"மூவாயிரம். அதைக் கட்டினாத்தான் நானூத்தம்பது."

கணக்கைப் போட்டுக் காட்டினேன். நம் உதாரணக் காரில் 3,000 டாலர் முன்பணம் கொடுத்தால் தவணை 550-லிருந்து 459-ஆகக் குறைந்து பளிச்சென்று தெரியும். மூன்று ஆண்டில் அதனால் மிஞ்சும் வட்டி 270 டாலர்தான். மற்றதெல்லாம் நாளை தர வேண்டியதை இன்றே தருவது. அதில் ஆபத்தும் உண்டு. அடுத்த மாதமே விபத்தில் கார் முழுதும் நாசமானாலோ திருடு போனாலோ, காப்பீட்டுப் பணம் லீஸ் நிறுவனத்துக்குப் போகும். துண்டு விழுந்தால் பல ஒப்பந்தங்களில் இருக்கும் 'கேப்' பாதுகாப்பு அதைச் சரிக்கட்டும். ஆனால் நாம் கொடுத்த மூவாயிரம் திரும்பி வராது. அந்தத் தம்பி எழுந்து போய் விற்பனை விலையைக் கேட்டான். பட்டியல் விலைதான் போட்டிருந்தார்கள். வேறு இரண்டு டீலர்களிடம் எழுத்தில் விலை வாங்கிய பிறகு, முன்பணம் இல்லாமல், பழைய கணக்கின் மொத்தச் செலவைவிடக் குறைவாகவே அதே வண்டியை எடுத்தான்.

மாநிலத்துக்கு மாநிலம், மைலுக்கு மைல்

ஒரே வண்டிக்கு ஒரே விலை பேசினாலும் வரி வேறுபடும். கலிஃபோர்னியாவில் விற்பனை வரி மாதத் தவணையின் மேல் விழுகிறது. நியூ ஜெர்ஸியிலும் நியூ யார்க்கிலும் எல்லாத் தவணைகளுக்குமான வரியைத் தொடக்கத்திலேயே கணக்கிடுகிறார்கள். டெக்சாஸில் காரின் முழு விலை மேல் 6.25 சதவீதம் வரி. நிதி நிறுவனம் கட்டி, அதை நம்மிடம் வசூலிக்கும். 37,500 டாலர் காருக்கு அது 2,344 டாலர். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் இருக்கும் நண்பரின் தவணையை டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவில் இருப்பவர் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். டீலரின் ஆவணக் கட்டணத்துக்குச் சில மாநிலங்களில் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஃப்ளோரிடா போன்ற இடங்களில் வரம்பு கிடையாது. அதைக் குறைக்க மறுத்தால் அந்த அளவுக்குக் காரின் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

மைல்களிலும் காலம் மாறியிருக்கிறது. அன்று ஆண்டுக்கு 15,000 மைல் ஒப்பந்தங்கள் சாதாரணம். இன்று விளம்பரத் தவணைக்குக் கீழே பார்த்தால் பெரும்பாலும் 10,000 மைல் என்றே இருக்கிறது. மைலைக் குறைத்தால் ரெசிடுவல் கூடும், தவணை குறையும். மூன்று ஆண்டில் 30,000 மைலுக்கு எடுத்துவிட்டு 38,000 ஓட்டினால், மைலுக்கு 25 சென்ட் வீதம் கடைசியில் 2,000 டாலர் கட்ட வேண்டும். அலுவலகத் தூரம், கோயில், தமிழ்ப் பள்ளி, கோடை விடுமுறைப் பயணம் எல்லாவற்றையும் கூட்டி முதலிலேயே சரியான மைலுக்கு எடுப்பது மலிவு.

விசாவும் 36 மாதமும்

நம்மவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதை எந்த டீலரும் சொல்லமாட்டார். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். லீஸோ 36 மாதம். பாதியில் முறிப்பதுதான் லீஸில் மிகப் பெரிய செலவு. மீதித் தொகைக்கும் காரின் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், அபராதம் என்று பல ஆயிரம் போய்விடும். வெளிநாட்டுக்கு இடமாற்றமோ நீண்ட காலப் படைப்பணியோ வரும் ராணுவ வீரர்களுக்கு அபராதமின்றி லீஸை முடிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமை தருகிறது. விசாவில் இருப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: இந்த லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்ற நிறுவனம் அனுமதிக்குமா, மாற்றிய பிறகும் என் பொறுப்பு தொடருமா? சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில மறுக்கின்றன. விலை கொஞ்சம் கூடினாலும், நிலையில்லாத வேலையில் இருப்பவர் மாற்ற அனுமதிக்கும் நிறுவனத்தையே தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி ஆக வேண்டியது

1968-இல் வந்த கடன் வெளிப்படைச் சட்டத்தால் கார் கடன் தாளில் ஆண்டு வட்டி சதவீதம் பெரிதாக அச்சாகிறது. அதே கடையில், அதே காரை லீஸுக்கு எடுப்பவருக்கு அந்த உரிமை இன்றும் இல்லை. கார் விற்பனையில் மறைமுகக் கட்டணங்களையும் ஏமாற்று விலைகளையும் தடுக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு புதிய விதியை வெளியிட்டது. விதியை உருவாக்கிய நடைமுறையில் தவறு என்று சொல்லி 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1998-இல் பாதித் தூரம் வந்த சட்டம் அங்கேயே நிற்கிறது.

2025 செப்டம்பரில் அமெரிக்காவில் புதுக் காரின் சராசரி விலை முதல்முறையாக 50,000 டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏற, குறைந்த தவணை என்ற பேச்சு இன்னும் இனிக்கும், இன்னும் பல குடும்பங்கள் லீஸ் மேசைக்கு வரும். சட்டம் மீதித் தூரத்தை நடக்கும்வரை, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருவதுதான் வழி. அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுகின்றன. புதிதாக வந்தவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பெயரை மறைத்த ஓர் உண்மையான லீஸ் தாளைத் திரையில் போட்டு, விலை, ரெசிடுவல், மணி ஃபேக்டர் மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினால் போதும். ஒரு பிள்ளைக்கு மூவாயிரம் டாலர் மிஞ்சும். ஊரில் தங்கையின் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணத்துக்கு அது தாராளமாகக் காணும்.